ஆம், ஒரு மணி நேரம் இருத்தி வைத்தேன்

மகளுக்குப் பியானோ பார்க்க எங்கள் மட்டக்களப்புக் கடைக்கு வந்த அண்ணன் ஒருவர், பியானோ விற்கும் என்னைப் பற்றி ஒரு பதிவு போட்டிருக்கிறார். "ஒரு மணி நேரம் இருத்தி வைத்து, வாசித்துக் காட்டி, விலை கூடினதைத் தலையில கட்டப் பார்த்தார்" என்று அண்ணன் எழுதியிருக்கிறார். இருத்தி வைத்தேன், வாசித்தும் காட்டினேன். ஆனால் அவர் கேட்டது கறுப்புப் பொலிஷ் மின்னும் பழைய அப்ரைட், அதாவது நிமிர்ந்து நிற்கும் கம்பிப் பியானோ. நான் எடுக்கச் சொன்னது அதைவிட விலை குறைந்த, கம்பியில்லாமல் மின்சாரத்தில் ஒலிக்கும் டிஜிட்டல் பியானோ. இதை ஏன் பதிவில் விட்டுவிட்டார்?

பியானோவின் சத்தத்தைக் கேட்காமல் வாங்காதீர்கள். கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறேன். விலைச்சீட்டைப் பார்க்க முன்னர் பிள்ளையை இருத்தி வாசிக்க விடுங்கள். இடப்பக்கத்துக் கனத்த அடிச்சுரம் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது மங்கி முடியும்வரை கேளுங்கள். எனக்குப் படிப்பித்த சிஸ்டர் முதலில் பழக்கியது அதைத்தான். பாட்டெல்லாம் பிறகுதான் வந்தது.

அப்ரைட் ஒன்றுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள் பல தொன் இழுவையில் நிற்கின்றன. அவ்வளவையும் பிடித்திருப்பது ஒரு மரக்கட்டையில் இறுக்கிய, கம்பி சுற்றிய முளைகள். அந்தக் கட்டை வெடித்திருந்தால் இன்று டியூன் செய்து சுருதி சேர்த்தாலும் கொஞ்ச நாளில் சுருதி இறங்கிவிடும். பொலிஷில் இது தெரியாது. போதாததற்கு எங்கள் ஊர்க் காலநிலை. கம்பியின் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஒலிப்பலகை மாரியில் ஈரம் குடித்து உப்பும், கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் காலத்தில் காய்ந்து சுருங்கும். வாவிக்கரை வீடு என்றால் கம்பியில் துருவும் ஏறும். வாங்கிய விலையோடு டியூன் செலவையும் கூட்டிப் பார்க்கச் சொன்னது குற்றமா?

கல்முனைப் பக்கம் ஒரு குடும்பம் போனில் வந்த படத்தைப் பார்த்து பியானோ வாங்கி இறக்கியது. மலிவுதான். நான் போய்ப் பார்த்தபோது முளைகள் விரலுக்கே அசைந்தன. வாசிப்பதெல்லாம் பிழையாகக் கேட்டதால், பிள்ளை தன் காதில்தான் பிழை என்று நினைத்துப் பழகுவதையே விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஒருவரையும் அவசரப்படுத்தி விற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"தொடக்கத்துக்கு 61 கட்டைக் கீபோர்டு போதாதா?" என்று கேட்பீர்கள். சில மாதத்துக்குப் போதும். விரலுக்குப் பாரம் தராத அந்தக் கட்டையில் பழகிய விரல் பியானோவுக்கு வந்தால் திணறும். பியானோ மாதிரியே அழுத்தப் பாரமாக இருக்கும் 88 கட்டை உள்ள டிஜிட்டலைச் சொல்வது அதனால்தான். அதற்கு டியூன் செலவும் இல்லை.

"கொமிஷன் வாங்குகிறாய்" என்பவர்களுக்கு: விலை கூடினதை விற்றால்தான் எனக்கு லாபம் கூட. கணக்குத் தெரிந்தவர்கள் யோசியுங்கள்.

"விலை கூடினால் சத்தத்தின் தரமும் கூடும்தானே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். ஓரளவுக்குத்தான். யமஹாவின் யு1 என்ற அப்ரைட் 121 சென்ரிமீற்றர் உயரம், அதைவிட விலை கூடின யு3 131. அந்தப் பத்துச் சென்ரிமீற்றரில் கம்பி நீளும், ஒலிப்பலகை பெரிதாகும், அடிச்சுரம் தெளியும். உங்கள் காதுக்கு அந்த வித்தியாசம் கேட்டால் காசைக் கூடக் கொடுங்கள். கேட்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள் என்று கடைக்குள் நின்றே சொல்கிறேன். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் விலை என்ன ஆனதென்று எல்லோருக்கும் தெரியும். நகையை அடகு வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தக் காசுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பெரிதா?

அவருடைய கடைசி வரிதான் எனக்கு நொந்தது. "மட்டக்களப்புப் பிள்ளைக்கு இவ்வளவு சத்த நயம் எதற்கு?" ஏன் அண்ணா? கொழும்புப் பிள்ளைக்கு மட்டும்தான் காது இருக்கிறதா? யாழ் என்ற பழைய இசைக்கருவியை ஆராய்ந்த விபுலானந்த அடிகள் இந்தப் பக்கத்துக் காரைதீவில் பிறந்தவர். கல்லடியில் அவர் பெயரிலேயே இசை படிப்பிக்கும் நிறுவகம் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் போதும் என்று நாங்களே சொன்னால் வெளியில் இருந்து வருபவன் என்ன சொல்லுவான்? உங்கள் மகள் அன்றைக்கு இரண்டையும் மாறி மாறி வாசித்துவிட்டு டிஜிட்டல் பக்கம்தான் போய் இருந்தாள். நீங்கள் அப்போது வெளியே நின்று போன் கதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் பழைய அப்ரைட் இன்னும் கடையில்தான் இருக்கிறது. டியூன் செய்யத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூடியைத் திறந்து காட்டுகிறேன். நான் சொன்னது பிழையென்று அவர் சொன்னால் உங்கள் பதிவு அப்படியே இருக்கட்டும். சரியென்றால் "தலையில கட்ட" என்ற வரியை எடுத்துவிடுங்கள்.