கோலம் போட ஆள் வேண்டுமாம்

சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்தேன். தேர்வு முடிந்துவிட்டது. சரி, எழுதிவிடுகிறேன்.

பொங்கல் நிகழ்ச்சியில் யார் யாருக்கு என்ன வேலை என்ற பட்டியல் சிங்கப்பூரில் எங்கள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. மேடை, ஒலி, பட்டிமன்றம், நன்கொடை திரட்டுவது எல்லாம் பையன்கள். கோலம், வரவேற்பு, சந்தனத் தட்டு, பரிமாறுவது எல்லாம் பெண்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. போன வருடப் பட்டியலை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். "நான் ஒலிக்கு வருகிறேன், கோலத்துக்கு ரெண்டு பையன்கள் வரட்டுமே" என்று எழுதினேன். நாற்பது பேர் இருக்கும் குழுவில் ஒரு மணி நேரம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் ஓர் அண்ணன் எழுதினார்: "தங்கச்சி, இந்த மேற்கத்தியப் பெண்ணியமெல்லாம் நம்ம சமூகத்துக்கு ஒத்துவராது." நல்ல மனிதர். முதலாண்டில் எனக்குப் புள்ளியியல் குறிப்புகள் கொடுத்து உதவியவர். அதனால்தான் பதில் எழுதத் தோன்றுகிறது.

அண்ணா, 1943 அக்டோபரில் இதே ஊரில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படைக்கு, அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படைக்கு, முகாம் திறந்தார்கள். தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி இங்கே மருத்துவராக இருந்தவர். படையில் சேர்ந்தவர்களில் நிறைய பேர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள். விடியுமுன் எழுந்து வாளி தூக்கிப் போன கைகள் துப்பாக்கியைத் தூக்கின. (அந்தப் போரின் அரசியல் பற்றி எனக்குக் கேள்விகள் உண்டு. அது வேறு பதிவு.) அதற்கும் முன்னால், 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932ல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் பிறந்தது. அதன் முக்கியத் தூணாக இருந்த கோ. சாரங்கபாணிதான் 1935ல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார், 1952ல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளையும் தொடங்கினார். நாம் பொங்கலுக்கு மேடை கட்டுவது அவர் போட்ட பாதையில்தான். சீர்திருத்தக்காரர் போட்ட பாதையில் நின்றுகொண்டு, பெண் ஒலிப்பெட்டியைத் தொட்டால் மேற்கத்தியம் என்கிறோம்.

"நாங்கள் இரண்டு வருடம் தேசிய சேவை செய்கிறோமே" என்று இன்னொருவர். இங்கே ஆண்களுக்கு அது கட்டாயம், பெரும்பாலும் ராணுவத்தில். என் தம்பியும் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான், அவன் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அதற்கும் சந்தனத் தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னும் புரியவில்லை.

எனக்கு உண்மையில் வலித்தது 'நம்ம சமூகம்' என்ற சொல். வீட்டில் அதை நான் பெரும்பாலும் மிரட்டலாகவே கேட்டு வளர்ந்தேன். என் பெரியம்மா மகள், என் அக்கா, தன் கணவர் வீட்டைவிட்டு வெளியேறியபோது, "உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, எதற்கு வழக்கு? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார்கள். அந்த நாலு பேரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அக்கா பையோடு வந்து நின்ற இரவில் நாங்கள் யாரும் வீட்டில் இல்லை. எதிர்வீட்டு மலாய் மக்சிக் (நம் அத்தை மாதிரி) கதவைத் திறந்து, மைலோ கலக்கிக் கொடுத்து, நாங்கள் வரும்வரை தன் சோபாவில் படுக்கவைத்திருந்தார். சமூகம் என்றால் எனக்கு அந்தச் சோபாதான் ஞாபகம் வருகிறது. அதனாலேயே அந்தச் சொல்லை மிரட்டுகிறவர்களிடம் விட்டுக்கொடுக்க மனம் இல்லை.

அக்காவுக்கு நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. கீறல் இல்லாமலேயே. அதன் பின்னால் தோற்றுப்போன ஒரு மசோதா இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. 'அவேர்' என்ற பெண்ணுரிமை அமைப்பை 1985ல் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் கன்வல்ஜித் சொயின், நியமன நாடாளுமன்ற உறுப்பினராக 1995ல் குடும்ப வன்முறை மசோதாவைக் கொண்டுவந்தார். நாடாளுமன்றம் நிராகரித்தது. மறுவருடமே மாதர் சாசனத்தை, அதாவது இங்கே திருமணத்தையும் குடும்பத்தையும் பற்றிய சட்டத்தை, திருத்தியபோது அவர் கேட்டதில் பலவற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். விடாமல் கொடுக்கும் மன உளைச்சலும் குடும்ப வன்முறைதான் என்பது அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. அப்போது அக்கா பிறக்கக்கூட இல்லை. மசோதா தோற்ற அன்று சாயங்காலம் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் என்ன நினைத்திருப்பார் என்று அடிக்கடி யோசிப்பேன். என்னிடம் இருக்கும் நம்பிக்கை ஏறக்குறைய இந்த அளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை.

இத்தனை பேசுகிறேனே, என் லட்சணத்தையும் சொல்லவேண்டும். போன மகளிர் தினத்துக்கு முந்தைய இரவு கூடத்தில் உட்கார்ந்து பதாகை எழுதிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று. நான் சாப்பிட்ட தட்டைச் சமையலறையில் கழுவிக்கொண்டிருந்தார் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா, நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். பணிப்பெண்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற சட்டம் 2013ல் வந்தது. ஆனால் அந்த நாளைக் காசு கொடுத்து ஈடுகட்டலாம். மாதம் ஒரு நாளையாவது அப்படி வாங்க முடியாது என்று ஆக்கியதே 2023ல்தான். எங்கள் வீட்டில் மற்ற மூன்று ஞாயிறுகளையும் வாங்கிக்கொண்டிருந்தோம். பொதுக்கூட்டங்கள் நடக்கும் ஹொங் லிம் பூங்காவுக்கு அவரைக் கூப்பிடலாம் என்றாலும் முடியாது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும்தான் அங்கே பங்கேற்கலாம். பூங்காவில் நான் பேசும் சமத்துவத்தைக் கேட்க அவருக்கு அனுமதி இல்லை. வீட்டில் கேட்டால் நான் பேசியது பொய் என்று தெரிந்துவிடும்.

அம்மாவிடம் இதைப் பேச எனக்கு இரண்டு மாதம் ஆனது. மேடையில் மைக் பிடிப்பது அதைவிடச் சுலபம். "உனக்கென்ன, பேசிவிட்டுப் போய்விடுவாய், இரண்டு வேலைக்குப் போகிறவளுக்குத்தான் தெரியும்" என்றார். அதுவும் நியாயம்தான். அப்பாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதை நானே பிறகுதான் கவனித்தேன். இப்போது வீட்டு வேலை செய்யும் அக்கா எல்லா ஞாயிறும் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகிறார். ராத்திரித் தட்டுகள் அப்பா பொறுப்பு. கரண்டியை ஒழுங்காகக் கழுவமாட்டார்.

பட்டியல் விஷயம் பாதிதான் முடிந்திருக்கிறது. ஒலிக்கு என்னைச் சேர்த்துவிட்டார்கள், பட்டிமன்றம் இன்னும் அப்படியே. கோலத்துக்கு இரண்டு பையன்கள் தனிச்செய்தி அனுப்பினார்கள், குழுவில் கேட்க வெட்கமாம். ஒருவன் நேர்ப்புள்ளிக்கும் இடைப்புள்ளிக்கும் வித்தியாசம் கேட்டான். எனக்கே தெரியவில்லை, அக்காவிடம்தான் கேட்டேன். தன் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் தருகிறேன் என்றார். அதை இலவசமாக வாங்கக்கூடாது என்று குழுவில் பேசி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

இந்த ஞாயிறு மாலை நான்கு மணி, எங்கள் புளோக்கின் கீழ்த்தளம். சாக்பீஸ் நான் கொண்டுவருகிறேன். அண்ணா, நீங்களும் வாருங்கள்.