மிதவாதி என்றால் முற்போக்குத் திட்டங்களின் எதிரியா?
தம்மை முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்ளாத அமெரிக்க வாக்காளர் முற்போக்குத் திட்டங்களையும் நிராகரிப்பார் என்று சிலர் சொல்வது சரியன்று. 2020 நவம்பரில் தம் மாநிலத்தில் ட்ரம்ப்பை வெற்றிபெறச் செய்த ஃபுளோரிடா வாக்காளர்கள், மணிக்கு 8.56 டாலராக இருந்த குறைந்தபட்ச ஊதியத்தை 2026-க்குள் படிப்படியாக 15 டாலராக உயர்த்தும் மாநில அரசமைப்புத் திருத்தத்தையும், அதற்குத் தேவையான 60 விழுக்காட்டைச் சற்றே தாண்டி, அதே வாக்குச்சீட்டில் நிறைவேற்றினார்கள். ட்ரம்ப் ஆதரவாளர்களிலும் ஒரு பகுதியினர் ஆதரிக்காமல் இந்தக் கணக்கு வராது. இத்தனைக்கும் 15 டாலர் என்பது முற்போக்காளர்களின் முன்னணித் தலைவரான செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் மேடை முழக்கம். மிசூரியிலும் 2018-இல், குடியரசுக் கட்சிக்காரரைச் செனட்டராகத் தேர்ந்தெடுத்த அதே தேர்தலில், குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக 12 டாலராக உயர்த்தும் முன்மொழிவு நிறைவேறியது. மிதவாதி எனப்படுவோரில் பலர் ஊதியத்தில் இடதுசாரியாகவும் குடியேற்றத்தில் கடும் வலதுசாரியாகவும் இருக்கக்கூடியவர்கள். கருத்துக்கணிப்புகளில் அவர்கள் தரும் பதில்களைக் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டு, எல்லாவற்றிலும் நடுவில் நிற்பவர்கள் என்று சொல்வது கணிப்பாளர்களின் வசதிக்காகத்தான்.