வாசலுக்குக் கட்டணம் இல்லை, ஆனால்...

அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில், கிளீவ்லாந்து நகரத்தில் யூக்ளிட் பீச் என்றொரு பொழுதுபோக்குப் பூங்கா இருந்தது. 1895இல் திறந்தார்கள், 1969இல் மூடினார்கள். அதன் பெருமை பேசுகிறவர்கள் அங்கே விற்ற சோளப்பொரி உருண்டையில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

பொரி உருண்டைக் கதை ருசியானதுதான், மறுக்கவில்லை. தொடக்கத்தில் அங்கே பீரும் மலிவான கேளிக்கையும்தான். பொரி விற்றுக்கொண்டிருந்த ஹம்ஃப்ரி குடும்பம் அந்தச் சூழல் பிடிக்காமல் வெளியேறியது. 1901இல் பூங்காவையே எடுத்து நடத்தத் திரும்பி வந்தது. பீருக்குத் தடை. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் காசு. கூட்டம் குடும்பம் குடும்பமாக வந்ததில் வியப்பில்லை.

1930இல் அங்கே வந்த ‘ஃப்ளையிங் டர்ன்ஸ்’ என்ற சவாரி தண்டவாளமே இல்லாதது. நீளவாக்கில் பிளந்த பீப்பாய் போன்ற மரப்பாதையில் வண்டி தன் போக்கில் சரிந்து ஓடும். வளைவு வந்தால் பக்கச்சுவரில் ஏறும், கவிழப்போகிறோம் என்று அலறும் நேரத்தில் கீழே இறங்கிவிடும். யோசித்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் அந்தத் திறந்த வாசலுக்குள் இன்னொரு மூடிய வாசல் இருந்தது. நடன அரங்கிலும் ஸ்கேட்டிங் தளத்திலும் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. ‘ஒழுக்கமான குடும்பப் பூங்கா’ என்ற பெயருக்குள் இதுவும் அடக்கம். 1946இல் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்தே உள்ளே போய்ப் பார்த்தார்கள். பூங்காக் காவலர்கள் வெளியே தள்ளினார்கள். மறியல் நடந்தது, அடிதடியும் நடந்தது. செப்டம்பரில், பணியில் இல்லாத இரண்டு கறுப்பினப் போலீஸ்காரர்கள் தட்டிக்கேட்கப் போக, கைகலப்பில் துப்பாக்கி வெடித்து அவர்களில் ஒருவருக்குக் குண்டு காயம். நகரப் போலீஸ்காரருக்கே அந்தக் கதி! 1947இல் பாகுபாட்டைத் தடுக்க நகரமன்றம் சட்டம் போட்டது. நிர்வாகமோ நடன அரங்கைத் தனியார் கிளப் ஆக்கி, உறுப்பினருக்கு மட்டும் என்று சொல்லிவிட்டது. சட்டம் வந்த வேகத்தைவிடச் சந்து கண்டுபிடித்த வேகம் அதிகம்.

“எல்லாரையும் விட்டதால்தான் பூங்கா கெட்டது” என்று சிலர் சொல்வதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. சட்டத்துக்குப் பிறகும் 22 ஆண்டுகள் ஓடிய பூங்கா அது. ஏரி சாக்கடையாக நாறியது; கார் வாங்கியவர்கள் தொலைதூரம் போனார்கள்; வீட்டுக்குள் தொலைக்காட்சி வந்தது; மர ரோலர் கோஸ்டர்களைப் பராமரிக்கும் செலவும் ஏறியது. இத்தனை இருக்க, பழியை மட்டும் ஏன் நடனமாட வந்தவர்கள் தலையில் கட்ட வேண்டும்?

அந்தப் பூங்காவில் சுற்றிய, 1910இல் செய்த குதிரை ராட்டினத்தை மெய்ன் மாநிலம் வரை போன இடத்திலிருந்து மீட்டு, பழுது பார்த்து, 2014 முதல் கிளீவ்லாந்து வரலாற்று அருங்காட்சியகத்தில் சுற்றவிட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். அதில் ஏறும் பிள்ளைகளுக்கு 1946ஐயும் சேர்த்தே சொல்லட்டும்.