டெத் மெட்டலில் பாடுவது யார்?

ராக் இசையின் மிக முரட்டு வகைகளில் ஒன்றான டெத் மெட்டலில் பாடகர் உறுமுகிறார். அந்த உறுமலில் தாளம் இருக்கும், ஆவேசம் இருக்கும், மெட்டு இருக்காது. அப்படியானால் பாட்டு முடிந்த பிறகு நாம் முணுமுணுக்க ஏதாவது ஒன்றைத் தர வேண்டியது கிட்டார்தான். இதை மறந்துவிட்ட ஆல்பங்களைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. விரல்கள் பறக்கின்றன, டிரம்ஸ் நொடிக்கொரு தாளக் கணக்குக்குத் தாவுகிறது. ஆல்பம் முடிந்ததும் மனதில் ஒரு துணுக்குகூட மிஞ்சுவதில்லை.

ஃப்ளோரிடாவில் ‘டெத்’ குழுவை நடத்திய சக் ஷுல்டினருக்கு இது தெரிந்திருந்தது. 1987இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் முரட்டு இசை. 1991இல் ‘ஹியூமன்’ ஆல்பத்துக்கு சினிக் குழுவிலிருந்து பால் மாஸ்விடலும் ஷான் ரைனர்ட்டும் வந்த பிறகு வாசிப்பே வேறு தரத்துக்குப் போய்விட்டது. ஆச்சரியம் என்னவென்றால், வாசிப்பு கடினமாக ஆக ஆக மெட்டும் தெளிவாகிக்கொண்டே வந்தது. 1993 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘தி ஃபிலாசஃபர்’. அதன் தொடக்கம் டேப்பிங்கில், அதாவது தந்திகளைக் கிட்டாரின் கழுத்திலேயே விரல்களால் தட்டி வாசித்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துணுக்கு). நல்ல பயிற்சி இல்லாமல் கை வராது. ஆனால் கிட்டாரைத் தொட்டே பார்க்காத ஒருவர் இரண்டு முறை கேட்டால் போதும், அதை முணுமுணுத்துவிடுவார். கடைசியில் ஸ்டீவ் டிஜார்ஜியோவின் ஃப்ரெட்லெஸ் பேஸ் (கழுத்தில் உலோகக் கட்டைகள் இல்லாத பேஸ் கிட்டார்) வழுக்கிக்கொண்டே போய் மறையும் இடம் இருக்கிறதே, அதற்காகவே நான் பாட்டை மறுபடி போடுவேன்.

ஸ்வீடனின் ‘அட் தி கேட்ஸ்’ குழுவினர் வேறு வழியில் போனார்கள். 1992இல் வந்த முதல் ஆல்பத்தில் வயலின்கூட உண்டு. ரிஃப்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கும். எனக்குப் பிடித்த ஆல்பம்தான், ஆனால் நினைவிலிருந்து ஒரு ரிஃப்பைச் சொல்லச் சொன்னால் திணறுவேன். 1995இல் ‘ஸ்லாட்டர் ஆஃப் தி சோல்’ செய்தபோது பாதியை வெட்டி எறிந்ததுபோல் எல்லாம் சுருங்கிவிட்டது. நல்ல ரிஃப் ஒன்று கிடைத்தால் அதைப் பல்லவிபோல் திரும்பத் திரும்ப வரவிட்டார்கள். இதைத் தரம் இறங்கியதாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எதை விடுவது என்று தெரிவதற்கும் கைத்தேர்ச்சி வேண்டும்.

சரி, சக்குக்கே திரும்புகிறேன். 1998இல் வந்த டெத்தின் கடைசி ஆல்பத்தில் ‘வாய்ஸ் ஆஃப் தி சோல்’ என்று ஒன்று உண்டு. குரல் இல்லை, டிரம்ஸும் இல்லை. கீழே அகூஸ்டிக் கிட்டார் ஓட, மேலே எலெக்ட்ரிக் கிட்டார் பாடுகிறது. 2001 டிசம்பரில் மூளைக்கட்டியால் அவர் இறந்தபோது வயது 34. அந்த மெட்டை நேற்று இரவுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.