நூறு கோழிக்கு ஒரு குப்பி

போன வாரம் பெரியப்பாவோடு வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் மலையேறினேன். அவர் மடியில் ஐஸ் போட்ட பிளாஸ்க், அதற்குள் கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்து. ஜன்னல் வெயில் படாமல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டே வந்தார். வயது 74. நாற்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் மலையூர்க் கோழிகளுக்கு இந்த மருந்தைப் போட்டு வருகிறார்.

கோழித் தொழிலில் தலைவர்கள் என்றால் நாமக்கல்லும் பல்லடமும்தான் நமக்கு ஞாபகம் வரும். வரட்டும். முட்டைக்கு வியாபாரி சொன்னதே விலை என்றிருந்த காலத்தில், 1982-ல் கோழித் தொழிலதிபர் பி.வி. ராவ் பண்ணையாளர்களைத் திரட்டித் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவைத் தொடங்கினார். தினமும் முட்டை விலை அறிவிப்பு வருகிறதே, அந்தக் குழு செய்வதுதான். பெரிய காரியம். ஆனால் கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டத்து ஓரமாக வீட்டுக்கு எட்டு, பத்து என்று நாட்டுக்கோழி வளர்க்கிறவர்களுக்கும் ஒரு தலைமை வேண்டியிருக்கிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இந்த மருந்து உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்வது. குளிர்ச்சி போனால் மருந்தும் போச்சு. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒரு குப்பி குறைந்தது நூறு கோழிக்கு. எட்டுக் கோழி வைத்திருக்கும் அக்கா ஒருத்தி தனியாக அதை வாங்கி என்ன செய்வாள்? அதனால் வாங்காமலே விட்டுவிடுவார்கள். பங்குனி, சித்திரையில் சீக்கு வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலி. ஒரு வீட்டில் போட்டு அடுத்த வீட்டில் போடாவிட்டால் கிருமி ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். (இந்த நோய்க்கு ராணிக்கெட் என்ற பெயர் வந்ததும் ஒரு மலையூரிலிருந்துதான், வடக்கே குமாவுன் மலையில் இருக்கிறது.)

பெரியப்பா செய்தது இவ்வளவுதான்: எல்லா வீட்டுக்கும் ஒரே நாள். முந்தின ராத்திரியே போய், "காலையில் கோழியைத் திறந்துவிடாதீங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவார். விடிவதற்குள் ஆரம்பித்து, குஞ்சுகளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, எட்டு வாரம் தாண்டியதற்கு இறக்கைக்கு அடியில் ஊசி என்று வெயில் ஏறுமுன் முடித்துவிடுவார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளி வீடுகள் அன்றைக்கு மட்டும் ஒரே குப்பிக்குக் காசு போட்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

இதைவிடக் கஷ்டமானது இன்னொன்று. ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால், மற்றதெல்லாம் சாகுமுன் சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்குத் தள்ளிவிடத்தான் மனசு சொல்லும். ஏழை வீட்டில் அது நியாயமாகவும் தெரியும். அங்கிருந்துதான் சீக்கு அடுத்த ஊருக்குப் போகிறது. பெரியப்பா முதலில் தன் வீட்டுக் கோழிகளைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். ஊர் பார்க்கத்தான் அப்படிச் செய்தார். பெரியம்மா அன்று சாப்பிடவே இல்லை. அதற்கப்புறம்தான் அவர் சொன்னதை ஊர் கேட்டது.

வியாபாரி கையில் தூக்கிப் பார்த்து விலை சொல்கிற வழக்கத்தை நிறுத்த, டீக்கடை வாசலில் ஒரு தொங்கு தராசை மாட்டி வைத்தவரும் அவர்தான். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணம் போட்டு ஆயிரக்கணக்கானவர்கள் ஏமாந்தார்களே, அதற்கு முன்னால் எங்கள் ஊரிலும் சிலர் நகையை அடகு வைக்கக் கிளம்பினார்கள். "அந்தக் கறியை யார் வாங்கித் தின்கிறார்கள், எனக்குக் காட்டு" என்று மட்டும் கேட்டார். யாராலும் காட்ட முடியவில்லை.

கால்நடைத் துறை ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்தக் கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாட்டுக்கோழி வருஷம் முழுக்க அடை காக்கிறது, 21 நாளில் குஞ்சு வந்துகொண்டே இருக்கிறது. மார்ச்சில் பொரித்த குஞ்சு அடுத்த பிப்ரவரி வரை எப்படிக் காத்திருக்கும்? அரசு இலவசமாகக் குஞ்சு கொடுக்கும்போதும் இதேதான். முதல் வாரம் குஞ்சுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். மலைக்குளிரில் கரண்ட் போன ஒரு ராத்திரி போதும், காலையில் மூலையில் குவிந்து செத்துக் கிடக்கும். ஓட்டை போட்ட மண்பானையில் கரி நெருப்பு வைத்து அந்த ராத்திரியைத் தாண்ட வைக்கத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். குஞ்சு கொடுக்கும் முன் அவரைக் கூப்பிட்டுப் பேசினால் என்ன?

எனக்குத் தோன்றுவது, மலைக் கிராமங்களுக்கு இருபத்தைந்து, ஐம்பது கோழிக்கான சின்னக் குப்பிகள் வேண்டும். மருந்து வைக்க ஊராட்சிக்கு ஒரு சின்னக் குளிர்பெட்டி வேண்டும். சொட்டு போடத் தெரிந்த இரண்டு பெண்களுக்கு அந்த வேலைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கு இதுவரை யாரும் பத்து பைசா கொடுத்ததில்லை. பஸ் டிக்கெட்டும் ஐஸும் அவர் காசு.

இப்போது முழங்கால் வலி. மேட்டுத்தெருப் படிகளை ஏற முடியவில்லை. அந்தப் பன்னிரண்டு வீடுகளுக்கு இந்த முறை நான் போனேன். மூன்று கோழிகள் கைநழுவி ஓடிவிட்டன, அவற்றுக்கு இன்னும் ஊசி போடவில்லை.