தாரைப் பூசிட்டா துரு போயிருமாவே?

பழைய கார்ல தரையில விரிச்ச மேட்டுக்கு அடியில கைய வச்சா சொதசொதன்னு இருக்கு. நாலு நாள் மழை பெய்ஞ்சாப் போதும், கதவைத் திறந்ததும் நனைஞ்ச சாக்கு வாடை மூஞ்சில அடிக்கி. பட்டறைக்குக் கொண்டு போனா என்ன செய்யுதாங்க? கண்ணாடி ஓரமா ஒரு டியூப் சிலிக்கான் பசை, அடியில ரெண்டு கோட் தார். "இனி ஒரு சொட்டு எறங்காது அண்ணாச்சி." அடுத்த ஐப்பசியில அதே சொதசொதப்பு, கூடவே காலை வச்சு மெதிச்சா தகடும் அமுங்குது. தண்ணி வருத வழியை அடைக்காம துருவுல கை வைக்கப்படாதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். வழியைத் தேட அரை நாள் ஆவும், பில்லுல எழுத ஒண்ணும் இருக்காது, அதான் விஷயம்.

தண்ணி தேங்குத எடம் வேற, எறங்குத எடம் வேற. சீட்டையும் மேட்டையும் கழட்டி, அடியில இருக்க சணலையும் ஸ்பாஞ்சையும் வெளிய எடுத்துக் காயப் போடுங்க. மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், உள்ள வாரக்கணக்குல ஈரம் நிக்கும். தரையை நல்லா துடைச்சுட்டு முகப் பவுடரைத் தூவுங்க, தண்ணி எறங்கின தடம் அதுல தெரியும். ஒருத்தர் டார்ச்சோட உள்ள உக்காரணும், ஒருத்தர் வெளிய ஓஸ் பிடிக்கணும். கீழ இருந்து மேல போகணும்: முதல்ல கதவு அடி, அப்புறம் கதவு நடு, கண்ணாடியோட கீழ் விளிம்பு, கடைசியாத்தான் கூரை. ஒவ்வொரு எடத்துலயும் அஞ்சு நிமிஷம் பைய ஊத்தணும். எடுத்த எடுப்புல கூரையில ஊத்தினா எல்லா இடமும் நனைஞ்சு ஒண்ணும் புரியாது. வாட்டர் சர்வீஸ் கன்னை வச்சு அடிக்கது அதைவிட மோசம், மழைத்தண்ணி போகாத எடத்துலயெல்லாம் அது போகும்.

மழையே இல்லாம இடது பக்கக் கால் வைக்குத எடம் நனைஞ்சா ஏ.சி. தண்ணிக் குழாய் அடைச்சிருக்கும், அடியில இருந்து லேசா ஊதி விட்டாப் போதும். பிசுபிசுன்னு கலரா இருந்தா அது கூலண்ட், எஞ்சினைக் குளுத்துத தண்ணி; ஹீட்டர்ல ஓட்டை.

கதவு சமாச்சாரத்துக்குத்தான் ரத்தம் கொதிக்கி. கதவுக்குள்ள தண்ணி போகத்தான் செய்யும், செஞ்சவனே அப்படித்தான் செஞ்சிருக்கான். கண்ணாடி ஏறி எறங்குத இடுக்குல எறங்கி, உள்தகட்டுல வழிஞ்சு, அடி விளிம்புல இருக்க சின்ன ஓட்டை வழியா வெளிய போயிரும். அது வண்டிக்குள்ள வராம இருக்கத்தான் கதவோட உள்பக்க டிரிம் அட்டைக்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் தாள். ஸ்பீக்கர் மாட்டுதவனும் பவர் விண்டோ மாட்டுதவனும் மொத வேலையா அதைத்தான் கிழிச்சு எறியுதான். அப்புறம் "கதவு ரப்பர் போயிருச்சு"ன்னு ரப்பர் மாத்தச் சொல்லுதான், கோட்டிக்காரன். ரப்பருக்கும் அதுக்கும் என்னவே சம்பந்தம்? 150 மைக்ரான் பாலிதீன் தாளைக் கதவு அளவுக்கு வெட்டி, பழைய பசையைத் துடைச்செடுத்துட்டு, பியூட்டைல் டேப் (எறுகாத ரப்பர்ப் பசை டேப்) வச்சு சுத்தி ஒட்டணும். தாளோட கீழ் ஓரம் கதவுக்குள்ள திரும்பி நிக்கணும். வெளிய தொங்கினா போட்டதும் ஒண்ணுதான், போடாததும் ஒண்ணுதான். செல்லோ டேப் ஒரு சித்திரை வெயிலுக்குத் தாங்காது.

புளிய மரத்தடியிலயும் வேப்ப மரத்தடியிலயும் நிக்க வண்டிக்கு இன்னொரு கேடு. வைப்பருக்குக் கீழ இருக்க சல்லடை வழியா புளிய இலை உள்ள போய், ஆடிக்காத்துல வார மண்ணோட சேந்து சேறாகி, தண்ணி போற வழியை அடைச்சிரும். நெறைஞ்ச தண்ணி ஏ.சி. காத்தை ஊதுத புளோயர் வழியா உள்ள எறங்கும். சல்லடையைக் கழட்டி கையால அள்ளுத வேலை இது, சிலிக்கானை அங்க எங்கன பூசுவீரு?

அந்த சிலிக்கானைப் பத்தியும் சொல்லணும். புளிச்ச வினிகர் வாடை வருதா? அதுல அசிட்டிக் ஆசிட் இருக்கு, வெறும் தகட்டுல பட்டா அதுவே துருவைக் கெளப்பும். பீடிங் (கண்ணாடியைச் சுத்தி வருத ரப்பர்) வச்ச பழைய கண்ணாடின்னா கண்ணாடியைக் கழட்டி, ரப்பருக்கு அடியில கீழ் மூலை ரெண்டையும் பாக்கணும். நூத்துக்குத் தொண்ணூறு வண்டியில துரு அங்கதான் ஒளிஞ்சு கெடக்கும். சுத்தம் பண்ணி பிரைமர் அடிச்சுட்டு, எறுகாத சீலண்ட் வச்சு புது பீடிங் போடணும்.

இனி துரு. ஸ்க்ரூ டிரைவர் முனையால குத்திப் பாருங்க. பொத்துட்டுப் போனா எந்தக் கெமிக்கலும் வேலைக்காகாது, நல்ல தகடு தெரியுத வரைக்கும் வெட்டி எறியணும். நம்மாளு உளுத்த தகட்டு மேலயே புதுத் தகட்டை வச்சு ஒட்டுவான். ரெண்டுக்கும் நடுவுல ஈரம் நின்னு புதுசையும் தின்னுரும். 20 கேஜ் தகடு போதும், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். பேட்டரி ஒயரைக் கழட்டிட்டு, சி.ஓ.2 வெல்டிங்குல (கரண்டுல கம்பியை உருக்கி ஒட்டுதது) பொட்டுப் பொட்டா, எடம் மாத்தி மாத்தி வைக்கணும். கேஸ் வெல்டிங்ல தகடு நெளியும், பின்பக்கப் பெயிண்ட் கருகும். அந்தக் கருகின பின்பக்கத்துக்குப் பிரைமர் அடிக்க எவனும் குனிய மாட்டான். மூட்டை அடைக்க பி.யு. (பாலியூரித்தேன்) சீலண்ட் கட்டாயம்.

மேலாப்புல இருக்க துருவுக்கு கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் கன்வர்ட்டர், அதாவது துருவை மாத்துத கெமிக்கல். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும், பொருக்கு உதிர்ந்தாலும் கன்வர்ட்டர் பிடிக்காது. நல்லாக் காஞ்ச பெறவு எப்பாக்சி பிரைமர் ரெண்டு கோட். ரெட் ஆக்சைடுங்க செவப்பு பிரைமரை மட்டும் அடிச்சுட்டு "பெயிண்டர் அடுத்த வாரம் வருவாரு"ன்னு மழையில நிப்பாட்டுதாங்க. அது தண்ணியை உள்ள விடும் வே! பட்டி போட்டு தண்ணி தொட்டுத் தேய்க்கது இன்னொரு கூத்து. பட்டி தண்ணியை உறிஞ்சி வச்சுக்கிடும், மேல பெயிண்ட் ஏறினதும் கொப்புளமா கெளம்பும்.

திசையன்விளை, உவரிப் பக்கம் உப்புக்காத்து போதாதுன்னு உப்பு போர் தண்ணியிலயே வண்டியைக் கழுவுதாங்க. கழுவிட்டு கழிவு ஆயிலை அடியில பீச்சுதாங்க. அடியில மூட்டுகள்ல இருக்க புஷ் ரப்பர் ஊதி நாசமாகும், மண்ணு ஒட்டும், உப்பு அங்கனயே கெடக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்துல முங்கின வண்டியும் இப்படித்தான் பளபளன்னு தார் பூசி சந்தைக்கு வருது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை தெரியும்.

தார், ரப்பர் கோட்டிங் எதுவானாலும் துரு முழுசும் போயி, தகடு காஞ்ச பெறவுதான். அப்பவும் கதவடி ஓட்டை, படி ஓரத்து ஓட்டை எல்லாத்தையும் சேத்து பட்டறைக்காரன் அடைச்சு வைக்கான். அடிக்கதுக்கு முன்ன ஒவ்வொண்ணுலயும் ஈர்க்குச்சி சொருகி வையும்னா, "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி"ங்கான். பெறவு அந்த ஓட்டையைத் தோண்ட தனியா கூலி கேக்கான்.