ஆறு மணி நேரம் ஓட்டிய பிறகு

நெடுந்தூரம் போகவென்றே செய்த பெரிய டூரிங் பைக்கைப் பார்த்ததும் நம் ஊரில் கேட்கிற முதல் கேள்வி, "எவ்வளவு ஸ்பீடு போகும்?" அடுத்தது மைலேஜ். ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் உடம்பு எப்படி இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வண்டியின் அருமையே அந்தப் பதிலில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று கடலோரமாகவே தெற்கே 150 சிசி வண்டியில் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். எண்பதைத் தாண்டினால் இன்ஜின் அலற ஆரம்பிக்கும். அதிர்வு கைப்பிடி வழியாக ஏறி விரல்கள் மரத்துப்போகும். காற்றோ இன்னும் மோசம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அவ்வளவையும் நெஞ்சும் கழுத்தும்தான் தாங்க வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்கக் கிளம்பியவன், அங்கே போய்ச் சேர்ந்ததும் படுக்க இடம் தேடுவான்.

நண்பரின் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650 பைக்கை அதே சாலையில் ஓட்டினேன். முன்னால் காற்றைத் தடுக்கப் பெரிய கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி. வண்டி மட்டும் 241 கிலோ. எதிரே ஒரு பஸ் வேகமாகக் கடக்கும்போது காற்று முதலில் நம்மைத் தள்ளும், பஸ் தாண்டியதும் அதன் பக்கமாக இழுக்கும். சின்ன வண்டியில் அந்த நேரம் தோள் தானாக இறுகிவிடும். இதில் ஹேண்டில் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். நாலைந்து பஸ்கள் போன பிறகு பார்த்தால், கைப்பிடியை நான் இறுக்கிப் பிடிக்கவே இல்லை. லாரியைத் தாண்டக் கியரைக் குறைக்க வேண்டியதும் இல்லை. லேசாக முறுக்கினால் போதும்.

இந்தச் சொகுசை அதன் எல்லை வரை கொண்டுபோன வண்டி ஹோண்டா கோல்ட் விங். 1975-இல் நான்கு சிலிண்டரோடு வந்தது, 1988 மாடலில் ஆறு சிலிண்டர் ஆனது. இன்றைக்கு 1833 சிசி, டூர் மாடல் ஏறக்குறைய 390 கிலோ. பின்சக்கரத்தைச் சுழற்றச் செயின் கிடையாது, ஷாஃப்ட் என்கிற சுழல்தண்டுதான். வழியில் நிறுத்திச் செயினுக்கு ஆயில் விடும் வேலை மிச்சம். பின்னால் நகர்த்த ரிவர்ஸ் வசதியும் உண்டு. பைக்குக்கு எதற்கு ரிவர்ஸ் என்பவர்கள், அந்த எடையைச் சரிவில் பின்னுக்குத் தள்ளுவதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் பின்சீட். நம் வீடுகளில் பயணம் எவ்வளவு தூரம் என்பதை முடிவு செய்வது பின்னால் உட்காருபவர்தான். நண்பரின் வண்டியில் சாய்மானமும் அகலமான சீட்டும் இருந்ததால், என் மனைவி காரைக்காலில் இறங்கியதும் கேட்டது, "அடுத்து எங்கே?"

இந்தக் காசுக்குக் கார் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். ஆனால் மரக்காணம் உப்பளத்துக் காற்றும், கடலூர் முதுநகரின் கருவாட்டு வாசனையும், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியதும் மேலே படுகிற குளிர்ச்சியும் ஏசி காருக்குள் வராது. சின்ன வண்டியில் இதெல்லாம் கிடைக்கும், ஆனால் அனுபவிக்கத் தெம்பு இருக்காது. எனக்குப் பெரிய பைக் பிடித்துப்போனதற்கு இதுதான் காரணம்.

ஊருக்குள் இது தொல்லைதான், மறைக்கவில்லை. மே மாதத்தில் புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் நின்றால் இன்ஜின் சூடு தொடையில் ஏறும். தினமும் ஆபீஸ் போக இதை வாங்காதீர்கள்.

வரிதான் மனதை உறுத்துகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். சிறிய பெட்ரோல் காருக்கு 18. களைப்பில்லாமல், தடுமாறாமல் தூரம் போக உதவுகிற வண்டியை ஆடம்பரப் பட்டியலில் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆசை இருப்பவர்கள் ஷோரூமில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு முடிவு செய்ய வேண்டாம். வாடகைக்கு எடுத்து, வீட்டில் உள்ளவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, நாகப்பட்டினம் வரை போய் வாருங்கள். வாங்கலாமா வேண்டாமா என்று பின்சீட்டில் இருப்பவரிடமும் கேளுங்கள்.